ஸ்டியரிங்கில் கட்டிய சாக்குத்துணி

கரையான்சாவடி லாரி ஷெட்டில் துலுக்கானத்தை விடப் பயந்த சுபாவக்காரன் ஒருவன் இருந்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இடி இடித்தால் பயப்படுவான். போலீஸ்காரனின் சிவப்புத் தலைப்பாகையைத் தூரத்தில் கண்டாலே சந்துக்குள் ஒதுங்குவான். பல்லி கத்தினால் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, எந்த மூலையில் கத்திற்று என்று யோசிப்பான். ஆனால் அவன் லாரி ரிப்பேர் பார்க்கும் பிட்டர். அந்த வேலைக்குப் பயம் இருந்தால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. ஒரு நட்டை முறுக்கிவிட்டு நாலடி போவான், திரும்பி வந்து இன்னொரு தரம் முறுக்குவான். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த பிறகு, முறுக்கினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, கையைக் கழுவிக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பி வந்தவன். டிரைவர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டு, தங்கள் வண்டியை அவனிடமேதான் கொண்டுவந்து விடுவார்கள்.

அவன் அப்பன், ஷெட் முதலாளி வரதனுடைய குடும்பத்து நிலத்தில் ஏர் ஓட்டியவர். வரதன் பூந்தமல்லியில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த வீட்டுப் பிள்ளை. வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப்போய், நிலத்தில் பாதியை விற்று லாரி வாங்கினார். நிலம் குறைந்ததும் ஏர்க்காரன் வீட்டுக்கு வேலை குறைந்தது. ஆகையால் துலுக்கானம் ஏரை விட்டு லாரியின் பின்னால் போனான். மவுண்ட் ரோடு பட்டறை ஒன்றில் கிரீஸ் துடைத்து, காது கொள்ளாத திட்டு வாங்கி, தொழில் கற்றுக்கொண்டு வரதனிடமே வந்து சேர்ந்தான்.

அப்போது ஜெர்மன்காரனோடும் ஜப்பான்காரனோடும் சண்டை. ஆவடியில் மிலிட்டரி கேம்ப் எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல், சிமெண்ட், மரம், மூட்டை என்று எவ்வளவு வந்தாலும் அந்தக் கேம்புக்குப் போதவில்லை. பெட்ரோல் கிடைக்காத காலமாகையால் லாரிக்காரர்கள் வண்டியின் பக்கவாட்டில் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். ஏறுமுகத்தில் அது கிழட்டு மாடு போல மூச்சு வாங்கும். இறக்கத்தில் மட்டும் எந்த வண்டிக்கும் குறைச்சலில்லாமல் ஓடும், பாரத்தின் வேகம் அது.

கேம்ப் வாசலில் ஒரு பெரிய கறுப்புப் பலகை இருந்தது. கேம்புக்குப் பாரம் ஏற்றும் கம்பெனிகளின் பெயரை அதில் மூன்று வரிசையாக எழுதியிருந்தார்கள். எந்த வரிசை என்பது பிரேக் இன்ஸ்பெக்டர் கையில். ஒவ்வொரு லாரியையும் மைதானத்தில் ஓட்டச் சொல்லி, சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்தச் சொல்லிப் பார்ப்பார். நன்றாக நிற்கும் வண்டிகளை வைத்திருப்பவன் முதல் வரிசை. முதல் வரிசை லாரியை வாசலில் தடுக்க மாட்டார்கள், நேரே உள்ளே போகலாம். மூன்றாம் வரிசைக்காரன் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, சிப்பாய் முன்னால் பிரேக் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். பாரமும் அவனுக்குக் கடைசியில்தான்.

வரதன் கம்பெனி மூன்றாம் வரிசையில் கிடந்தது. காரணம் ஊருக்கே தெரியும். டெஸ்ட் நாளன்று கோட்டில் நிற்க வேண்டிய லாரி கோட்டைத் தாண்டி, இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்த நாற்காலி வரை போய்த்தான் நின்றது. அவர் சுறுசுறுப்பான மனிதர், எழுந்து ஓடிவிட்டார். நாற்காலிதான் போயிற்று.

அந்த அவமானம் வரதனுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பட்டணத்தில் யார் யார் காலையோ பிடித்து ஒரு செட் புதிய பிரேக் கட்டை வாங்கி வந்தார். சக்கரத்துக்குள்ளே சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவது அந்தக் கட்டைகள்தான். சண்டைக் காலத்தில் அது தங்கத்தை விட அருமை. ஷெட்டில் இருந்தவை எல்லாம் ஒரே ஜாதி லாரிகள் ஆகையால் எதில் மாட்டினாலும் பொருந்தும்.

"துலுக்கானம், எந்த வண்டி டெஸ்ட்டுக்குப் போவுதோ அதுல இத்த மாட்டு. டெஸ்ட்டு முடிஞ்சதும் கழட்டி அடுத்ததுல மாட்டு" என்றார் வரதன்.

"அப்ப கழட்டின வண்டிக்கு, மொதலாளி?"

"பழைய கட்ட கீதுல்ல? அதுல தோல் பட்டய வச்சு அடிச்சு ஓட்டு. சண்ட முடியட்டும், எல்லாத்துக்கும் புச்சு வாங்கிடலாம். ஊர்ல எவன் வண்டியில புச்சு கீது, சொல்லு."

அவர் சொன்னதும் பொய்யில்லை. யார் வண்டியிலும் புதிசு இல்லை. துலுக்கானம் தலையை ஆட்டினான். முதலாளி முன்னால் தலையை ஆட்டாமல் இருக்க அவனுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அந்த ஒரு செட் வண்டி வண்டியாக மாறியது. கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரே அட்டிகையை வாங்கிப் போட்டுக்கொண்டு போகிற பெண்களைப் போல என்று குமாஸ்தா வீரராகவன் சொல்லப்போக, ஷெட்டில் அதற்கு "இரவல் நகை" என்றே பெயர் ஆகிவிட்டது. கம்பெனி மூன்றாம் வரிசையிலிருந்து இரண்டுக்கு ஏறியது. அடுத்த சில மாதத்தில் முதல் வரிசைக்கே போயிற்று. வரதன் ஷெட்டில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். துலுக்கானம் தன் பங்கை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். முன்பாவது கேம்ப் வாசலில் ஒரு சிப்பாய் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி அவனும் பார்க்க மாட்டான் என்பதுதான் அவனுக்கு உறைத்தது. லட்டைக் கரி அள்ளுகிறவனிடம் கொடுத்துவிட்டான்.

அவன் பயத்துக்கு ஒரு முகமும் இருந்தது. பச்சை வண்டியை ஓட்டும் செங்கல்வராயன் அவனுடைய தங்கை பொன்னியம்மாவின் புருஷன். கட்டை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவனை லாரிக்கு இழுத்து வந்ததே துலுக்கானம்தான். "நீ இருக்கிற எடம்னுதாண்ணா அனுப்புறேன்" என்று பொன்னியம்மா அன்று சொன்னாள். அவள் சொன்னது அவ்வளவுதான். துலுக்கானம் அதை எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கனத்தது.

ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடியாத வண்டியின் ஸ்டியரிங்கில் துலுக்கானம் ஒரு சாக்குத்துணியைக் கட்டுவான். கட்டியிருந்தால் முதலாளியே வந்தாலும் அந்த வண்டியைத் தொடக் கூடாது. அதை அவிழ்க்கும் கை அவனுடையதாகத்தான் இருக்கும். டிரைவர்களில் முரடன் கூட அந்தத் துணியைக் கண்டால் மறுபேச்சில்லாமல் வேறு வண்டிக்குப் போவான். பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்தவனுக்கு ஷெட்டில் இருந்த அதிகாரம் அந்த ஒரு முழத் துணிதான்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் சிவப்பு வண்டிக்கு டெஸ்ட் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரவல் நகையோ பச்சை வண்டியில் இருந்தது. பூசையன்று சாயங்காலம் கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கிவிட்டால், மறுநாள் கற்பூரம் காட்டி எடுக்கும் வரை ஒருவரும் தொட மாட்டார்கள். தொட்டால் அந்த வருஷம் முழுக்கத் தொழில் விளங்காது என்று முதலாளி முதல் கரி அள்ளுகிறவன் வரை நம்பினார்கள். ஆகவே பூசையன்று காலையிலேயே துலுக்கானம் பச்சை வண்டியின் நாலு சக்கரத்தையும் கழற்றி, நகையை எடுத்துச் சிவப்பு வண்டிக்கு மாட்டினான். பிறகு பச்சை வண்டியின் பழைய கட்டைகளை எடுத்துப் பார்த்தான். முன் சக்கரத்துக் கட்டைகள் தேவலை, அவற்றைத் திரும்ப மாட்டினான். பின் சக்கரத்துக் கட்டைகளில் தோல் தேய்ந்து, ஆணி வெளியே தெரிந்தது. தோல் பட்டை போடும் வேம்புலி பண்டிகைக்காகக் கடையைச் சாத்திவிட்டான்.

பின் சக்கரங்களைக் கழற்றியபடியே வண்டியை மரக்கட்டைமேல் நிறுத்தி வைத்தால் யாரும் எடுக்க முடியாது. துலுக்கானம் அப்படித்தான் நினைத்தான். வரதன் வந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"மூளி வண்டிக்கு எவன்டா பூச போடுவான்? சக்கரத்த மாட்டு."

"உள்ள கட்ட இல்ல, மொதலாளி."

"உள்ள இன்னா கீதுன்னு சாமி வந்து எட்டிப் பாக்கப்போவுதா? பாக்குறதுக்கு முழுசா இருக்கணும். நாளைக்குக் கழட்டிக்கோ."

அப்படியே செய்தான். பின் சக்கரங்களுக்குள் ஒன்றுமில்லை. தொளதொளவென்று ஆடாதபடி பிரேக் கம்பிகளை ஒரு துண்டு ஒயரால் இழுத்துக் கட்டி, வெறும் டிரம்மை மூடி, சக்கரத்தை மாட்டினான். கைப்பிரேக்கும் அதே பின் கட்டைகளைத்தான் பிடிக்கும் என்பதால் அதுவும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வண்டிக்கு ஒரு குறையும் தெரியாது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. ஸ்டியரிங்கில் சாக்குத்துணியை இரட்டை முடிச்சாகப் போட்டுக் கட்டினான்.

செங்கல்வராயன் மத்தியானமே பருத்திப்பட்டில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டான். சாயங்காலம் பூசைக்கு முதலாளியின் சம்சாரம் அன்னம்மாள் பூக்கூடையோடு வந்தாள். கூடவே அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்களும் வந்தார்கள், முதல் வரிசைக் கம்பெனி அல்லவா. அன்னம்மாள் வண்டி வண்டியாக மாலை போட்டுக்கொண்டே வந்து பச்சை வண்டியிடம் நின்றாள்.

"லச்சுமி மாதிரி நிக்குது வண்டி. அதும் கழுத்துல கந்தலக் கட்டி வச்சிகிறீங்களே."

முடிச்சை அவிழ்த்து, துணியை மூலையில் எறிந்துவிட்டு, அந்த இடத்தில் சாமந்தி மாலையைச் சுற்றினாள்.

துலுக்கானம் பார்த்துக்கொண்டுதான் நின்றான். வாயைத் திறந்தான். அத்தனை பேர் நடுவில், இந்த வண்டிக்குப் பிரேக் இல்லை அம்மா என்று எப்படிச் சொல்வது? முதலாளியின் முகம் அவன் கண் முன்னால் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டான். பூசை முடிந்ததும் கட்டிவிடலாம் என்று இருந்தான். பூசை முடிந்ததும் மாலையை எடுக்கப் பயமாக இருந்தது, சாமிக்குப் போட்டது ஆயிற்றே. சரி, விடியற்காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றுவிட்டால் போகிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஒரு பயம் இன்னொரு பயத்தை விழுங்கிவிட்டது. அதுதான் நடந்தது, வேறொன்றுமில்லை.

விடியற்காலையில் எழுந்துதான் கிளம்பினான். ஆனால் வெறுங்கையோடு ஷெட்டுக்குப் போய் என்ன செய்வது, தோல் பட்டையோடு போனால் உடனே வேலையை ஆரம்பிக்கலாம் என்று வேம்புலி வீட்டுக்குப் போனான். வேம்புலியின் கத்தியும் உளியும் அவன் வீட்டுச் சாமி முன்னால் சந்தனப் பொட்டோடு கிடந்தன. அவன் குளித்து, விபூதி பூசி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, அதற்குப் பிறகுதான் கத்தியைத் தொட்டான். துலுக்கானம் வாசலில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

பட்டையோடு ஷெட்டுக்கு வந்தபோது, பச்சை வண்டி நின்ற இடத்தில் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. வண்டி இல்லை.

வீரராகவன் மேஜையருகில் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"பச்ச வண்டி எங்க, ஐயிரே?" என்றான். பயத்தில் அவன் வாயில் மரியாதை ஒரு படி தூக்கலாகவே வரும். வீரராகவன் ஐயரும் இல்லை.

"செங்கல்வராயன் எடுத்துகினு போய்ட்டான். குடோன்லேர்ந்து சிமெண்ட்டு ஏத்தி, ஆவடிக்கு. நல்ல நாள்ல மொத லோடு போவட்டும்னு நான்தான் அனுப்பிச்சேன். துணி ஒண்ணும் கட்டலியே, மாலதானே இருந்துது."

மூலையில் வாழைச் சருகுக்கும் உதிர்ந்த பூவுக்கும் நடுவில் சாக்குத்துணி கிடந்தது. துலுக்கானம் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. வீரராகவனின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. கேட்கவில்லை, ஏறிவிட்டான். வாழ்க்கையில் அவன் கேட்காமல் எடுத்த முதல் பொருள் அது.

பூந்தமல்லியைத் தாண்டி ஆவடி ரோட்டில் திரும்பியதும் அவன் மிதித்த மிதியில் செயின் கிறீச்சிட்டது. சமதரையில் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கரி வண்டி மெல்லத்தான் போகும். முன் சக்கரத்தில் தோல் இருக்கிறது, கொஞ்சம் பிடிக்கும். ஆனால் சிமெண்ட் மூட்டை. தலை வரை சிமெண்ட் மூட்டை. எதிரே யாராவது தலையில் கை வைத்துக்கொண்டு வருகிறார்களா என்று பார்த்தான். ஒரு புல்லுக்கட்டுக்காரி வந்தாள், அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான். அவள் திட்டிக்கொண்டே போனாள். காடுவெட்டியில் கூவத்துத் தரைப்பாலத்துக்கு ரோடு பள்ளமாக இறங்கும். இறக்கத்தைக் கண்டதும் அவனுக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஈரச் சக்கரத்தடம் மேலேறிப் போயிருந்தது. செங்கல்வராயன் இதையும் தாண்டிவிட்டான். துலுக்கானம் அழுதுவிட்டான், பெடலை விடாமலே.

பருத்திப்பட்டில் ரோட்டு ஓரத்து வீட்டு வாசலில் பொன்னியம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"இப்பதாண்ணா போனாரு. மாலயெல்லாம் போட்டுகினு வண்டியக் காட்ட வந்தாரு. கரிய கெளறி உட்டுட்டு, நாஷ்டா துன்னுட்டு கெளம்புனாரு."

"வண்டி நல்லா நின்னுச்சா?"

அவள் சிரித்தாள். "எங்க நின்னுச்சு? ஊட்டத் தாண்டி அந்தப் புளியமரம் வரிக்கும் போச்சு. அப்பறம் பின்னாலயே வந்தாரு. வண்டிக்குக் கூட ஊட்டுக்கு வரப் புடிக்கலன்னு சொல்லி சிரிச்சாரு." பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். "இன்னாண்ணா, ஏன் இப்டி வேர்க்குது?"

துலுக்கானம் பெடலை மிதித்தான். அங்கிருந்து ரோடு வயலைச் சுற்றிக்கொண்டு போய், ஏரிக்கரையின் கோடியில் மேடேறி, பிறகு நேரே ரயில்வே கேட்டுக்கு இறங்கும். ஏரிக்கரை மேலேயே போனால் குறுக்கு வழி, ஆடு மாடு போகும் தடம். சைக்கிளைத் தோளில் தூக்கிக் கரையேறி, அந்தத் தடத்தில் விட்டான். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நஞ்சை. வயலுக்கு அப்பால் பச்சை வண்டி புகையைக் கக்கிக்கொண்டு போவது தெரிந்தது. முகப்பில் மாலை மஞ்சளாக ஆடியது. கத்தினான். இவ்வளவு தூரத்தில் யாருக்குக் கேட்கும்?

கரையின் கோடிக்கு வந்து கீழே பார்த்தான். கேட் மூடியிருந்தது.

கேட்டுக்கு முன்னால் நாலைந்து கட்டை வண்டி, ஒரு குதிரை வண்டி நின்றன; சந்தைக்குப் போகும் பெண்கள் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்டது. மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு பச்சை வண்டி ஏறி, உச்சிக்கு வந்து, மூக்கைத் தாழ்த்தியது. அந்தக் கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லாரி வந்தால் வந்து நிற்கும், அவ்வளவுதானே. நிற்காது என்று தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினான். இடுப்பிலிருந்த சாக்குத்துணியை உருவி, தலைக்கு மேலே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, வருகிற லாரிக்கு நேரே நின்றான். பல்லிக்குப் பயந்தவன்தான். அப்போதும் பயந்துகொண்டுதான் நின்றான். ஆனால் நகரவில்லை.

செங்கல்வராயன் முதலில் மச்சானைப் பார்த்துச் சிரித்தான். பிறகு துணியைப் பார்த்தான். பெடலை மிதித்தான், அது தரை வரை போயிற்று; முன் சக்கரத்துத் தோல் இறக்கத்துப் பாரத்துக்குத் தாங்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தான், அது வெறும் கம்பாக வந்தது. சாக்குத்துணி கட்டிய வண்டியில் தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போது அவனுக்கு விளங்கிற்று. வேறு யோசிக்க நேரமில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். லாரி துலுக்கானத்தை ஒரு முழத்தில் தாண்டி, ரோட்டை விட்டு இறங்கி, நாற்று நட்ட சேற்றில் பாய்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மூட்டைகள் சரிந்து விழுந்தன. ரயில் கேட்டைத் தாண்டிப் போகும் வரை வேறு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் செங்கல்வராயன் முனகுவது கேட்டது. வலது கை கதவுக்கும் மூட்டைக்கும் நடுவில் மாட்டி, முழங்கைக்குக் கீழே ஒடிந்திருந்தது.

ஆட்கள் சேர்ந்து அவனை வெளியே எடுத்து, ஒரு கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் போலீஸ்காரன் வந்து, சிவப்பு வண்டி டெஸ்ட்டுக்காகக் கேம்பில் இருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் வரும் வரை டிரைவர் போகக் கூடாது என்றான். அவர் வந்தார். கொஞ்ச நேரத்தில், துலுக்கானம் சைக்கிளில் பறந்ததைக் கண்டு பின்னாலேயே கிளம்பியிருந்த வரதனும் வீரராகவனும் குதிரை வண்டியில் வந்து இறங்கினார்கள், ஷெட்டுக் கருவிப் பெட்டியோடு.

வரதன் சேற்றில் கிடந்த வண்டியைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். துலுக்கானத்தின் தோளைத் தொட்டு ஒதுக்கிக்கொண்டு போனார்.

"கம்பி அறுந்துடுச்சுன்னு சொல்லு. ஷெட்டே ஒன் வார்த்தையிலதான் கீது. அத்தினி பேர் சோறுடா."

இன்ஸ்பெக்டர் போலீஸ்காரனிடம், "டிரைவர் குடித்திருக்கிறானா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

வரதன் திரும்பினார். "பண்டிக நாள் பாருங்க, சார். இவனுங்கள நம்ப முடியுமா?" என்றார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. இருந்தாலும் சொல்லிவிட்டார்.

வைக்கோல் மேல் கிடந்த செங்கல்வராயன் கண்ணைத் திறந்து மச்சானைப் பார்த்தான். துலுக்கானம் திரும்பினான். எதிரே இருந்தது போலீஸ்காரன், இன்ஸ்பெக்டர், முதலாளி. அவன் பயப்படும் அத்தனை பேரும் ஒரே இடத்தில் வரிசையாக நின்றார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நேற்று அன்னம்மாள் முன்னால் ஒட்டிக்கொண்ட அதே நாக்கு.

"குடிக்கல, சார்" என்றான். குரல் யாருடையதோ போல வந்தது. "வண்டியில பிரேக்கு இல்ல. கழட்டிக் காட்றேன்."

பெட்டியைத் திறந்தான். ஸ்பேனரில் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம் அப்படியே இருந்தது. இன்னும் கற்பூரம் காட்டி எடுக்காத கருவி. அதைச் சட்டையில் துடைக்காமலே எடுத்து, சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, மேலே தூக்கிக்கொண்டிருந்த பின் சக்கரத்தைக் கழற்றினான். டிரம்மை இழுத்தான். உள்ளே ஒன்றுமில்லை. ஒயரால் கட்டிய இரண்டு கம்பி மட்டும் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

"இந்த ஒயரை யார் கட்டியது?"

"நான்தான், சார்." பிறகு, கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னான். இரவல் நகையைப் பற்றிச் சொன்னான். எந்த வண்டியில் இப்போது அது இருக்கிறது என்றும் சொன்னான். வரதன் குதிரை வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

செங்கல்வராயனைக் கட்டை வண்டியில் கொண்டு போகும்போது துலுக்கானம் கூடவே நடந்தான். கொஞ்ச தூரம் போன பிறகு செங்கல்வராயன் பேசினான்.

"தோல் பட்ட தெரியும், மச்சான். எல்லா வண்டியிலயும் அதானே. வெறும் டிரம்மு தெரியாதே. நீ பாத்து உட்ட வண்டின்னுதான் நான் குனிஞ்சு கூடப் பாக்காம ஏறிக் குந்துறேன்."

"தெரியும், மாப்ளே" என்றான் துலுக்கானம்.

வரதன் கம்பெனியின் பெயரைப் பலகையிலிருந்தே அழித்துவிட்டார்கள். துலுக்கானத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் சில நாள் வைத்திருந்து, கோர்ட்டில் நிறுத்தி, எச்சரித்து விட்டார்கள். வாழ்நாள் பூரா எதற்குப் பயந்தானோ அது அவ்வளவு பெரிதாக இல்லை. திரும்பி வந்தபோது ஷெட்டில் வேலை இல்லை. வரதன் வண்டிகளை ஒவ்வொன்றாக விற்று, மிச்சமிருந்த நிலத்துக்கே போனார். பூந்தமல்லிச் சந்தையில் எதிரே வந்தால் துலுக்கானம் தோளிலிருந்து துண்டை எடுப்பான். அவர் பார்க்காதது போலப் போவார். பொன்னியம்மா மட்டும் அண்ணனிடம் அது பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செங்கல்வராயனின் கை சேர்ந்தது, சற்றுக் கோணலாக. சண்டை முடிந்த பிறகு வேப்பம்பட்டில் ஒருவர் புதிதாக லாரி வைத்தபோது அவன் அங்கே டிரைவரானான். பிட்டர் வேண்டும் என்றதும் அவனே போய் மச்சானை அழைத்து வந்தான். ஷெட்டில் எல்லாருக்கும் அது ஆச்சரியம். அவர்கள் தினமும் காலையில் பார்த்தது அதைவிட ஆச்சரியம். துலுக்கானம் ஒவ்வொரு நட்டையும் இரண்டு தரம் முறுக்கி, வண்டி தயார் என்று சொல்லி, சாக்குத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். செங்கல்வராயன் உடனே ஏற மாட்டான். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கோணல் கையை ஊன்றி, வண்டிக்கு அடியில் போவான். ஒவ்வொரு சக்கரத்து டிரம்மின் துளையிலும் ஒரு கம்பியை விட்டு, உள்ளே கட்டை இருக்கிறதா என்று நெருடி நெருடிப் பார்ப்பான்.

"இன்னா அண்ணாத்தே, சொந்த மச்சானயே நம்ப மாட்டியா?" என்று மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள்.

"மாட்டேன்" என்று வண்டிக்கு அடியிலிருந்து பதில் வரும்.

துலுக்கானம் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதே இல்லை. வீட்டில் பயம், வழியில் பயம், லாரி போய்த் திரும்பும் வரை பயம் என்றிருந்த அவனுக்கு, தன் வேலையை நம்பாமல் இன்னொருவன் குனிந்து பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான், ஒரு நாளில் பயமில்லாமல் மூச்சுவிட்ட நேரம்.